முதல் மாமிக்குச் சொல்லு

கோப்பாய்
27.07.2025

அன்பின் லவீனா அக்கா,

நலமா என்று கேட்டு எழுதிய முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஏழு மாதமாக ஒரு சொல் கதைக்காதவள் திடீரென்று நலம் விசாரித்தால் நீங்கள் சிரிப்பீர்கள். உங்கள் சிரிப்பு எனக்குத் தெரியும், பாதி மூக்கால் வரும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

செப்டெம்பர் பதின்மூன்றாம் திகதி யாழ்ப்பாணத்தில் பெண் முயற்சியாளர்களுக்கு ஒரு மாநாடு. முதன்மை உரை நான் நிகழ்த்த வேண்டுமாம். தலைப்பு, "நவீன தலைமைத்துவமும் தன்னைப் புதிதாக்கலும்". நாற்பது நிமிடம் பேச வேண்டும். நான் ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் கதைத்தது உங்களோடு மட்டும்தான், அதுவும் கொழும்புத்துறையில் நிலைய வாசலில் பஸ் பிந்தின நாட்களில்.

ஏற்பாட்டுக் குழுவில் பிரகலாதன் என்று ஒருவர் இருக்கிறார். போன வருடம் நண்டு உடைத்துப் பொதியிடும் எங்கள் நிலையத்தின் பத்தாம் ஆண்டு விழாவுக்குப் பிறகு பத்திரிகையில் வந்த கட்டுரையை வைத்து அவரே பதினான்கு பக்கம் எழுதி அனுப்பிவிட்டார். மச்சம் மாமிசம் தொடாத வீட்டில் பிறந்தவள், தட்டச்சு நிலையம் மூடுண்டு வேலை இழந்தவள், முகாமையாளராக நிலையத்துக்கு வந்த முதல் நாளே தொழிலாளர்களோடு மேசையில் இருந்து நண்டு உடைத்தேனாம். "மேடம், உங்கடை கதைதான் தலைமைத்துவம். அப்பிடியே வாசிச்சால் காணும்" என்கிறார்.

வாசித்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்துக்கு மேல் நாக்கு எழும்பவில்லை. முதல் நாள் நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். நண்டு அவிக்கிற அறை வாசலில் நின்று சத்தி எடுத்தேன். வாளியோடு வந்தது நீங்கள். அந்த நாட்களை நீங்கள் எழுதி அனுப்பினால் எனக்குப் பேச ஏதாவது வரும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். விழாவில் நன்றியுரை சொன்னது நான். விளக்கேற்றியவர், பந்தல் போட்டவர், ஒலிபெருக்கிக்காரர், கதிரை தந்த கோயில் சபை என்று எல்லாருடைய பெயரும் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. மறந்து விடவில்லை அக்கா. சொந்த ஆட்களுக்கு நன்றி சொல்கிற வழக்கம் எங்களிடம் இல்லையே. சொன்னால் பிறத்தியாராக்கின மாதிரி இருக்கும் என்று விட்டேன். அதற்குப் பிறகு மூன்று கிழமையில், நண்டு உடைக்கிற முதலாம் மேசையை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் விலாசத்தை மேசைப் பெண்களிடம்தான் வாங்கினேன். போனை எடுக்க மாட்டீர்கள், கடிதத்தையாவது பிரிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள்
உதயகலா


சண்டிலிப்பாய்
ஓகஸ்ட் 2

உதயா,

கடிதத்தைத் தந்துவிட்டுத் தபால்காரன் கேட்கிறான், "என்னம்மா, கோப்பாயிலை இருக்கிறவை உங்களுக்கு முத்திரை ஒட்டி எழுதினமோ? பஸ்ஸிலை ஏறினால் வந்திடலாமே?"

நான் சுகம். கிறிஸ்ரினாவுக்கு இங்கே மருத்துவிச்சி வேலை, இருக்க வீடும் தந்திருக்கிறார்கள். மகளோடு நானும் வந்துவிட்டேன். பின்னால் இரண்டு பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்து பீற்றூட் போட்டிருக்கிறேன். கடற்கரைக்காரிக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று பக்கத்து வளவுக் குகதாசன் அண்ணை வேலிக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தார். இப்போது தன் கன்றுக்கு என்ன வருத்தம் என்று என்னிடம் வந்து கேட்கிறார்.

நன்றியுரையில் பெயர் வரவில்லை என்று நான் கோபித்தேனாம். அது என் கோபத்துக்கே கேவலம். ஒலிபெருக்கிக்காரனுக்கும் கதிரைக்கும் நடுவில் என் பெயரைச் சொருகியிருந்தால்தான் நான் கோபித்திருப்பேன்.

விழா முடிந்த பிறகு பத்திரிகைக்காரப் பிள்ளை, நிவேதனா, உன்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் வடைத் தட்டோடு உனக்குப் பின்னால் நின்றேன். "அக்கா, நண்டு உடைக்க உங்களுக்கு ஆர் பழக்கினது?" என்று கேட்டாள். "ஒருத்தரும் பழக்கேல்லை. நானாய்ப் பாத்துப் பழகினது" என்று நீ சொன்னாய். உன் மாமியும் கோப்பாய்ச் சனமும் பக்கத்தில் நின்றார்கள். நான் நிற்பது உனக்குத் தெரியும். நீ திரும்பவில்லை. திரும்பி, "பிறகு சொல்லுறன் அக்கா" என்று கண்ணால் ஒரு சாடை காட்டியிருந்தால் நான் அதோடு விட்டிருப்பேன்.

வடைத் தட்டை அப்படியே கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு வடை கூடச் சாப்பிடவில்லை.

உன் உரைக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. நீ தானாய்ப் பழகினவள், தானாய் எழுது.

லவீனா


கோப்பாய்
07.08.2025

லவீனா அக்கா,

உங்கள் கடிதத்தை நிலையத்தில், களஞ்சிய அறைக்குள் நின்று வாசித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வசனத்துக்காக பத்து வருடத்தை எறிந்துவிட்டுப் போகலாமா என்று பதில் எழுதினேன். நாலு பக்கம். அதையும் கிழித்தேன். உங்களால் எங்கள் வீட்டில் தாள் முடிகிறது.

நீங்கள் பின்னால் நின்றது எனக்குத் தெரியும். வடை மணந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுதுகிறேன். வேலை கிடைத்தபோது வீட்டில் கணவரிடமும் மாமியிடமும் "ஏற்றுமதிக் கந்தோரில் எழுத்து வேலை" என்றுதான் சொன்னேன். நண்டு என்று சொல்லவில்லை. மூன்று வருடம் சொல்லவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் உங்கள் வீட்டுக் கிணற்றில் குளித்து, தேசிக்காயால் கை தேய்த்து, உங்கள் அலுமாரியில் வைத்த சேலையைக் கட்டிக்கொண்டு கோப்பாய்க்குப் போனேன். மத்தியானம் உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். எனக்கென்று தனிப் பானை வைத்திருந்தீர்கள், மீன் படாத பானை. நிலையத்தைப் பற்றி ஒருநாள் பேப்பரில் படம் வந்து வீட்டுக்குத் தெரிந்தபோது, "நான் மேற்பார்வை மட்டும்தான் மாமி, கை வைக்கிறேல்லை" என்று சமாளித்தேன். கை வைக்கிறதும் போகப்போகத் தெரியவந்தது. உங்கள் வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் "லவீனா அக்கா பழக்கினவ, அவ வீட்டுக்கும் போய் வாறனான்" என்று சொன்னால், மாமியின் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். "அங்கை சாப்பிட்டனியோ?" அந்தக் கேள்விக்குப் பயந்து உங்களை விற்றேன். நான் சாதி பார்க்கிறவள் இல்லை என்று என்னைப் பற்றி நானே பெருமையாக நினைத்திருந்தேன். ஒரு கேள்வியோடு எல்லாம் வெளியில் வந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது அக்கா.

பதினொரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பூசை முடிந்த கையோடு திறப்பைக் கொண்டுவந்து நிலையத்தைத் திறந்தீர்கள். மற்றப் பெண்கள் கண்டால் முகாமையாளருக்கு மரியாதை போய்விடும் என்று கதவைச் சாத்தினீர்கள். ஓட்டைக் கழற்றவே எனக்கு இரண்டு ஞாயிறு. பெரிய சதை உடையாமல் முழுதாய் வெளியே வந்த அன்று நான் அழுதேன். "உந்தக் கண்ணீர் சதையிலை விழுந்தால் உப்புக் கூடிப் போகும்" என்று என் தலையைத் தள்ளிவிட்டீர்கள்.

இதையெல்லாம் மேடையில் சொல்லப் போகிறேன். உங்கள் பெயரோடு சொல்லப் போகிறேன். நானூறு பேர் வருவார்களாம், வீடியோவும் போடுவார்களாம். பிரகலாதனின் பதினான்கு பக்கத்தையும் நான் புதிதாய்ச் சேர்த்ததையும் இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

உதயா


சண்டிலிப்பாய்
ஓகஸ்ட் 12

உதயா,

நாளைக்கு மடு மாதா திருவிழாவுக்கு வெளிக்கிடுகிறோம். உடுப்பு அடுக்க வேண்டும், கிறிஸ்ரினா கத்துகிறாள். ஆனாலும் உன் தாளை முழுக்க வாசித்தேன்.

"பயணம்" என்ற சொல் பத்தொன்பது தரம் வருகிறது. எங்கே போகிறாய்? "கழுகு நாற்பது வயதில் மலையில் ஏறி, அலகைப் பாறையில் அடித்து உடைத்து, புது அலகு முளைக்கும் வரை காத்திருக்கும்" என்று ஒரு பக்கம் முழுக்கக் கிடக்கிறது. ஐம்பது வருடம் கரையில் இருந்து பருந்தைப் பார்த்திருக்கிறேன். அலகு உடைந்தால் அது பசியில் செத்துப் போகும். பிரகலாதனிடம் நான் சொன்னதாகச் சொல்லு.

நண்டைப் பற்றிப் பேச வேண்டியவள் கழுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். ஓடு கழற்றுவது நண்டு. கழற்றின கையோடு அது மெத்தென்று இருக்கும், எதுவும் பிடித்துத் தின்னும். அதனால் கடலடியில் சாதாழைப் புல்லுக்குள் போய் ஒளிந்திருந்து, புது ஓடு இறுகின பிறகுதான் வெளியே வரும். தன்னைப் புதிதாக்கல் என்றால் அதுதான். ஒளிக்க ஒரு இடம் வேண்டும்.

இனி நீ சேர்த்த பக்கம். நன்றாக எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டு மூக்கைத் துடைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் அதை மைக்கில் சொல்லாதே.

ஏன் என்று கேள். நானூறு பேருக்குச் சொல்வது லேசு. அவர்கள் கை தட்டுவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், போவார்கள். உன்னைத் தைரியசாலி என்பார்கள். அதில் எனக்கு என்ன கிடைக்கும்? உன் கதைக்கு நான் ஒரு சோடனை. நீ பொய் சொன்னது நானூறு பேருக்காக அல்ல, ஒரு ஆளுக்காக. உன் மாமி குணலட்சுமிக்காக. பொய் எங்கே சொல்லப்பட்டதோ அங்கேதான் அதை எடுக்க வேண்டும். முதல் மாமிக்குச் சொல்லு. குசினிக்குள் நின்று, முகத்தைப் பார்த்துச் சொல்லு. பிறகு மேடைக்குப் போ. வீடியோவில் பார்த்து அவ அறிந்தால் அது அவவுக்கும் அவமானம், எனக்கும் அவமானம்.

அதைச் செய்யாமல் என் பெயரை மைக்கில் சொன்னால் இந்த முத்திரை கூட இனி இல்லை.

லவீனா


கோப்பாய்
18.08.2025

லவீனா அக்கா,

மடு எப்படி? சனம் கூடவா?

நீங்கள் சொன்னது சரி. சொல்லத்தான் வேண்டும். ஆனால் நல்லூர்க் கோயிலில் கொடி ஏறியிருக்கிறது. மாமி இருபத்தைந்து நாளும் விரதம், ஒருநேரச் சாப்பாடு, விடிய எழும்பிக் கோயிலுக்குப் போகிறார். இந்த நேரம் இப்படி ஒரு கதையை எடுத்தால் விரதம் குலையும், நாளைக்கு ஏதாவது வருத்தம் வந்தாலும் என் தலையில்தான் விழும். தேர் முடியட்டும் அக்கா. தீர்த்தமும் முடியட்டும்.

உரையில் கழுகை எடுத்துவிட்டேன். பிரகலாதன் மனவருத்தப்பட்டார். "மேடம், எல்லா மாநாட்டிலையும் கழுகு வாறது" என்றார்.

உதயா


(தபால் அட்டை)

ஓகஸ்ட் 25

தேர் முடிந்து நாலு நாள். தீர்த்தம் முடிந்து மூன்று நாள். பூங்காவனமும் முடிந்தது. இனி எந்தத் திருவிழா?

ல.


கோப்பாய்
30.08.2025

அன்பின் அக்கா,

சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை. மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என் கணவர் வாசல் கதிரையில் இருந்தார். "மாமி, ஒரு விசயம் கதைக்கவேணும்" என்றேன். என் குரலைக் கேட்டவுடன் இவருக்கு விளங்கிவிட்டது போல. தண்ணி இறைத்துவிட்டு வாறன் என்று தோட்டத்துக்கு எழும்பிப் போனார். அரை மணித்தியாலத்துக்கு முதல்தான் இறைத்தது.

எல்லாம் சொன்னேன். கிணறு, சேலை, தனிப் பானை, பதினொரு ஞாயிறு, நிவேதனாவிடம் சொன்ன பொய், ஒன்றும் விடவில்லை. மாமி துருவுவதை நிறுத்தவில்லை. நான் நினைத்த கேள்வியையும் கேட்கவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்.

"அப்ப நான் கட்டித் தந்த சாப்பாடு?"

இதை மட்டும் நான் மறந்தே போயிருந்தேன். அவிக்கிற அறை மணத்துக்குப் பிறகு எனக்குக் கட்டுச் சோறு இறங்காது, சுடச்சுடச் சொதியும் சோறும்தான் இறங்கும் என்று நீங்கள் உலை வைப்பீர்கள். மாமியின் பார்சலை, பள்ளிக்கூடத்தால் வருகிற கிறிஸ்ரினா பிரித்துச் சாப்பிடுவாள். அதையும் சொன்னேன்.

"மூண்டு வருசம் விடிய நாலு மணிக்கு எழும்பிக் கட்டினனான்" என்றார். "நீ வந்து நல்லாயிருந்தது மாமி எண்டு சொல்லுவாய். என்ன கறி எண்டு கேட்டால் பேரும் சொல்லுவாய்."

கிறிஸ்ரினாவிடம் கேட்டு வைத்துக்கொண்டு சொல்வேன். அதை எப்படிச் சொல்ல? மாமி துருவின தேங்காயை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

இன்றைக்கு மூன்றாம் நாள். என்னோடு கதையில்லை. நான் சமைத்தது தொடவில்லை. தன் பாட்டுக்குச் சின்ன அடுப்பில் கஞ்சி வைத்துக் குடிக்கிறார். இவர் இரண்டு பக்கமும் சாப்பிட்டு வயிறு ஊதிப்போய்த் திரிகிறார். எனக்கு நித்திரையில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கிவிட்டது. இதை நீங்கள் சொல்லாமல் நான் ஒருகாலமும் செய்திருக்க மாட்டேன்.

அதற்காக இந்தக் கடிதம். பதில் வேண்டாம்.

உதயா


சண்டிலிப்பாய்
செப்ரெம்பர் 5

உதயா,

பதில் வேண்டாம் என்றால் நான் எழுதாமல் விடுவேனா?

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் கிறிஸ்ரினாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பார்சல் கதை வந்ததும் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, அவ எனக்கெண்டு கட்டினதில்லை எண்டு எனக்கு அந்த வயசிலை விளங்கேல்லை" என்கிறாள். பாவம், பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

உன்னை இப்படி வீட்டில் மாட்டிவிட்டேனே என்று எனக்கும் ஒரு குத்தல். மற்றவள் வீட்டுக் குசினியில் நெருப்பு வைப்பது எனக்கு லேசாய்ப் போயிற்று. ஆனால் சொன்ன சொல்லை நான் திருப்பி எடுக்க மாட்டேன்.

நன்றி என்ற சொல்லை எழுதாமலே நீ நன்றி எழுதியிருக்கிறாய். நானும் ஒன்று சொல்ல வேண்டும். இதை நேரே சொல்ல எனக்கு வாய் வராது.

என் மனுசன் செபநாயகம் கடலோடு போனபிறகு எனக்குக் கடலைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உனக்குத் தெரியும், வீட்டு வாசலைக் கூட மாற்றி வைத்தேன். ஆனால் வேறு எங்கே போவேன், என்ன தெரியும் எனக்கு? நீ பஸ் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரமெல்லாம் உன் ஐயாவின் தோட்டத்தைப் பற்றி அலட்டுவாய். பீற்றூட் விதையை ஓர் இரவு ஊறவிட வேண்டும், நெருங்கி முளைத்தால் இரக்கம் பார்க்காமல் பிடுங்க வேண்டும், பின்னேரம் தண்ணி விடு, வெயிலில் விடாதே. நான் "ஓம், ஓம்" என்று நண்டுக் கூடையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இங்கே மண்வெட்டியைக் கையில் எடுத்த அன்று எல்லாம் உன் குரலில் வந்தது. உன்னோடு கோபித்துக்கொண்டு வந்தவள் உன் பேச்சைக் கேட்டுத்தான் விதைத்தேன். கோபத்தில் வெளிக்கிட்டது மெய். நீ இல்லையென்றால் வெளிக்கிட்டு வந்து என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திராது. இந்த வயதில் இன்னொரு சீவியம் எனக்குக் கிடைத்தது உன்னால், உதயா. அதை நீ அறிய வேண்டும்.

இனி என் பெயரைச் சொல்லலாம். முழுதாய்ச் சொல்லு. செபநாயகம் லவீனா, கொழும்புத்துறை. "ஒரு சகோதரி" என்று மழுப்பாதே.

நான் மண்டபத்துக்கு வர மாட்டேன். அன்றைக்குக் கிழங்கு கிண்ட ஆள் சொல்லியிருக்கிறேன். வந்தாலும் நீ என்னைக் காட்டுவாய், நானூறு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், நான் எந்தப் பக்கம் முகத்தை வைப்பேன்?

சத்தமாய்ப் பேசு. நீ பயந்தால் குரல் கீழே போகும்.

லவீனா


கோப்பாய்
14.09.2025

அன்பின் அக்கா,

நாற்பது நிமிடம் தந்தார்கள், நான் பதினாறு நிமிடம் பேசினேன். பிரகலாதன் மேடைக்குக் கீழே நின்று இன்னும் நீட்டச் சொல்லிக் கையைச் சுழற்றினார். எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் இருக்கவில்லை.

முதலில் சத்தி எடுத்த கதை. சனம் சிரித்தது. பிறகு உங்கள் கிணறு, உங்கள் வீட்டுச் சோறு, பதினொரு ஞாயிறு. "முதல் நாளே மேசையிலை இருந்தன் எண்டு பேப்பரிலை வந்தது பொய். அந்தப் பொய் என்ரை வாயாலை போனது. எனக்குப் பழக்கினது கொழும்புத்துறை செபநாயகம் லவீனா. அவ கதவைச் சாத்தி வைச்சு என்னை ஆளாக்கினவ. அதை மறைச்சது நான்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். தலைமைத்துவம் என்ற சொல்லை ஒரே ஒரு தரம்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். நண்டு ஓடு கழற்றும்போது ஒளித்திருக்க இடம் வேண்டும் என்பதையும் சொன்னேன். அது உங்கள் சொல் என்றும் சொன்னேன். உங்களுக்கு ஒளிந்திருக்க யார் யார் இடம் கொடுத்தார்களோ, அவர்களே உங்களிலும் பெரிய தலைவிகள் என்று முடித்தேன்.

கேள்வி நேரத்தில் குருநகரில் இருந்து வந்த ஒரு பெண் எழும்பினாள். நல்ல உரை என்றெல்லாம் சொல்லவில்லை. "அக்கா, உங்கடை வீட்டிலை இதுக்கு என்ன சொன்னவை?" என்றாள். அந்த மண்டபத்தில் அவள் ஒருத்தியே சரியான கேள்வியைக் கேட்டவள். "பதினாறு நாளாய் என்னோடை கதையில்லை" என்றேன். சனம் சிரிக்கத் தொடங்கியது, பிறகு நிறுத்தியது. அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இருந்தாள்.

மாமி வரவில்லை. இவர் வந்தார், கடைசி வரிசையில் இருந்தார். வீட்டுக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, "நீ சொன்னது சரி. ஆனால் அம்மாட்டை நான் உன்ரை பக்கம் எண்டு சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரேல்லை" என்றார். அதைச் சொல்லவே அவருக்கு எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

மாமியின் அடுப்பு இன்னும் தனியாகத்தான் எரிகிறது. இது எவ்வளவு காலத்துக்கு என்று தெரியாது. எவ்வளவு காலமானாலும் நான் சொன்னதை விழுங்க மாட்டேன்.

சொந்த ஆட்களுக்கு நன்றி சொல்வதில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேன். நல்ல வழக்கம்தான், ஆனால் நான் அதைச் சொல்லித் தப்பப் பார்த்தேன். நன்றி அக்கா. வாளிக்கு, கிணற்றுக்கு, சோற்றுக்கு, கோபித்ததற்கு. எல்லாவற்றுக்கும் நன்றி.

உங்கள் உதயா


சண்டிலிப்பாய்
செப்ரெம்பர் 18

என் உதயா,

இதை இருந்து ஆறுதலாக வாசி.

செவ்வாய்க்கிழமை பத்து மணியிருக்கும், நான் கிழங்கு கழுவிக்கொண்டு நிற்கிறேன். ஓட்டோ ஒன்று படலையடியில் வந்து நின்றது. வெள்ளைச் சேலையோடு ஒரு மனுசி இறங்கினா. கிறிஸ்ரினாவைத் தேடி வந்த யாரோ என்று நினைத்தேன். படலையைத் திறக்காமல் நின்று, "லவீனா எண்டுறது நீரோ?" என்று கேட்டா. அப்போதுதான் ஆளை மட்டுக்கட்டினேன். உன் மாமி. கடிதத்து உறையில் இருந்து விலாசம் எடுத்தாவாம். நீ உறைகளை எங்கே வைக்கிறாய் என்று அவவுக்குத் தெரியுமாம், கவனமாயிரு.

சண்டைக்குத்தான் வந்தா என்று கையைத் துடைத்துக்கொண்டு ஆயத்தமாய் நின்றேன்.

"என்ரை சாப்பாட்டைச் சாப்பிட்ட பிள்ளை எது?"

கிறிஸ்ரினா வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றாள். கூப்பிட்டேன். உன் மாமி அவளைக் கீழிருந்து மேல் வரை பார்த்தா. "என்ன கறி உமக்குப் பிடிச்சது?" என்றா. பிள்ளை பயத்தில், "வாழைப்பூ வறை, அம்மம்மா" என்றாள். "அது வெள்ளிக்கிழமையிலை கட்டினது" என்றா மாமி. பிறகு, "வேறை?" என்றா. கிறிஸ்ரினா ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலைச் சொதி, புட்டுக்குள் வைத்த மாம்பழத் துண்டு. எதற்குப் புளி கூட, எதற்குக் காணாது என்பது கூடச் சொன்னாள். உன் மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சமைத்த ஒருத்திக்குப் பத்து வருடம் கழித்து யாரோ உண்மையாய்ச் சாப்பிட்டுச் சொல்கிறார்கள்.

"உதயா ஒருநாளும் புளியைப் பற்றிச் சொன்னவளில்லை" என்றா. "எனக்கு அப்பவே ஒரு ஐமிச்சம் இருந்தது."

கதிரை போட்டேன். இருந்தா. தேத்தண்ணி போடப் போனேன், எங்கள் வீட்டில் வாங்கிக் குடிப்பாவோ என்ற யோசனையோடு. போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கினா. குடித்தா. சீனி காணாது என்றா. இன்னொரு கரண்டி போட்டுக் கொடுத்தேன், அதையும் குடித்தா.

உன்னைப் பற்றி ஒரு சொல் நல்லதாய்ச் சொல்லவில்லை, பொய் எழுத மாட்டேன். "அவள் என்னை ஏமாத்தினவள்" என்றா. "வேலைக்குப் போன புதிசிலை மெலிஞ்சு போய்த் திரிஞ்சாள். நான் கட்டிக் குடுக்கிறதைச் சாப்பிடுறேல்லையோ எண்டு நெஞ்சு கொதிச்சது. பிறகு தேறி வந்தாள். என்ரை சாப்பாடு எண்டு நினைச்சன். அது நீர் போட்ட சோறு."

எழும்பும்போது சொன்னா, "வாற கிழமை வெள்ளிக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கோப்பாய்க்கு வாரும். வாழைப்பூ வறை வைக்கிறன்."

உதயா, எட்டு வருடத்துக்கு முதல் உன் மைத்துனியின் கலியாணத்துக்கு நானும் மேசைப் பெண்களும் வந்தோம். எங்களுக்குப் பின் வளவில், மாமரத்துக்குக் கீழே தனியாய்ச் சாப்பாடு போட்டது உனக்குத் தெரியாது, நீ மணவறையடியில் நின்றாய். நான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. அதனால் அவவிடம் கேட்டேன். மரியாதை இல்லாமல் கேட்கவில்லை, ஆனால் கேட்டேன்.

"வாறம். எங்களை எங்கை இருத்துவியள்?"

ஓட்டோவுக்குள் ஒரு காலை வைத்தபடி நின்றா. என்ன கேட்கிறேன் என்று அவவுக்கு நன்றாய் விளங்கியது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

"எனக்குப் பக்கத்திலை இரும்" என்றா. "மற்றப் பக்கம் பிள்ளை இருக்கட்டும். பரிமாறுறது உதயா."

லவீனா